தடை அறிந்தவர்

போன ஞாயிறு காலை ஏழு இருபத்தைந்துக்கு என் மகள் மாதா கோயிலில், பூசை நடுவில் எழுந்து நின்றாள். அன்றிலிருந்து சாம்பிராணி மணந்தாலே அவள் இருக்கிறாளா, நிற்கிறாளா என்று திரும்பிப் பார்க்கிறேன்.

எங்கள் பக்கம் கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். பெண், மாப்பிள்ளை பெயரைச் சொல்லி, "தடை அறிந்தவர்கள் அறிவிக்கவும்" என்பார் பங்குச் சுவாமி. மூச்சு விடாமல் அடுத்த அறிவித்தலுக்குப் போய்விடுவார். யாரும் பதில் சொல்லாத கேள்வி அது. போன ஞாயிறு வாசித்தது என் மகளுடைய ஓலை.

"சுவாமி, எனக்குத் தெரியும்," என்றாள் மகள்.

எங்கள் ஊர் ஓலைத்தொடுவாய் முழுவதும் திரும்பிப் பார்த்தது.

"என்ன தடை, பிள்ளை?"

"ஓமோ எண்டு என்னைக் கேட்டவைதான். ஆனா மண்டபம் பேசின பிறகு. இல்லை எண்டு சொன்னா விட்டிருப்பினமோ?"

எனக்கு எங்கோ கேட்ட குரலாக இருந்தது. என் குரல்தான். நான் கம்பஸில் மெய்யியல் படித்தவன். சண்டைக் காலத்தில், பாஸ் இல்லாமல் ஊர் தாண்ட முடியாத நாட்களில் பிளேன்ரீக்கு மேல் பிளேன்ரீ குடித்தபடி கூட்டாளிகளுக்குச் சுதந்திரம் விளக்கியவன். கட்டு அவிழ்ந்தால் மட்டும் போதாது, நாலு பேர் நடுவில் ஒருவருடைய 'இல்லை' இல்லையாக நிற்கவேண்டும், அப்போதுதான் அவருடைய 'ஓம்' ஓம் என்பேன். மீன் குழம்போடு பிசைந்து மகளுக்கும் அதையே ஊட்டினேன். அவள் விழுங்குவாள் என்று யார் கண்டது?

வீட்டுக்கு வந்து மனைவியிடம் பாய்ந்தேன். "எங்கட ஓலை வாசிக்கேக்க நீர் இப்பிடி எழும்பினனீரோ?"

"ஓலை வாசிக்கிற அண்டைக்குக் கலியாணப் பெட்டை கோயிலுக்குப் போகக்கூடாது எண்டு என்னை இறால் உரிக்க இருத்திப்போட்டினம். வந்திருந்தா எழும்பியிருப்பன்."

இவ்வளவு காலம் கழித்துச் சொல்கிறாள்.

மகளிடம் போனேன். "சரி, இப்ப கேக்கிறன். உனக்கு விருப்பமோ?"

"யோசிச்சுச் சொல்லுறன், அப்பா."

விடத்தல்தீவில் மாப்பிள்ளை வீட்டார் போன் எடுக்கவில்லை. கலியாணம் போயிற்று என்றே இருந்தேன். தடை கேட்டபின் கோயிலில் விழும் அந்தச் சோம்பலான அமைதியும் போயிற்று. இனி யாருடைய ஓலை வாசித்தாலும் ஊர் முதலில் நாங்கள் இருக்கும் வாங்கைத்தான் பார்க்கும்.

பின்னேரம் மோட்டார் சைக்கிள் சத்தம். மாப்பிள்ளை தனியே, கையில் ஒரு பை நண்டு.

"எங்கட கோயிலிலயும் இண்டைக்கு ஓலை வாசிச்சவை. நானும் எழும்பினனான், மாமா. அம்மா சேட்டுக் கொலரைப் பிடிச்சு இருத்திப்போட்டா."

கதிரையைக் காட்டினேன். அவர் இருக்காமல் நின்றார்.

"உங்கட மகளைக் கொஞ்சம் கூப்பிடுங்கோ. நான் இன்னும் அவவைக் கேக்கவே இல்லை."