கூட்டாமல் விட்ட நாலு மதிப்பெண்

சித்தூரில் ஒரு கிறிஸ்தவப் பள்ளியில் கணக்கு ஆசிரியை நான். ஒரு பாடத்தில் தவறினாலும் ஒன்பதாம் வகுப்பிலேயே நிறுத்திவிடுவது எங்கள் விதி. விடுதி மாணவி சுகுணா கணக்கில் இரண்டு மதிப்பெண்ணில் தவறினாள்.

குடுபல்லியிலிருந்து அவள் அம்மா ஓடிவந்தார். "பெயிலுன்னா அவ நைனா அவளுக்குக் கல்யாணம் பண்ணி வெச்சிடுவாரு டீச்சர். பேப்பர இன்னொரு தபா பாருங்க" என்று கெஞ்சினார்.

"நான் திருத்தினா தப்பு வராதும்மா" என்று அனுப்பிவிட்டேன்.

ஜூனில் பழைய தாள்களைக் கட்டும்போது அவளுடையதைப் புரட்டினேன். கடைசிப் பக்கத்தில் சரியாகப் போட்டிருந்த கணக்கின் நாலு மதிப்பெண்ணை நான் கூட்டவே இல்லை. தலைமை ஆசிரியரிடம் ஒப்புக்கொண்டு, தேர்ச்சிச் சான்றோடு அன்றே குடுபல்லிக்கு பஸ் ஏறினேன்.

சுகுணா கழுத்தில் தாலியோடு நின்றாள். நான் நீட்டிய சான்றைப் படித்துவிட்டு, "அப்ப நான் பாஸா டீச்சர்?" என்றாள்.

ஆமாம் என்று தலையாட்டினேன். இப்போது ஒவ்வொரு தாளையும் இரண்டு முறை கூட்டுகிறேன். அதனால் சுகுணாவுக்கு எந்தப் பயனும் இல்லை.