பித்தளை ஆணி

திருமங்கலத்தில் ஆழ்குழாய்க் கிணற்று மோட்டார்களுக்குச் செப்புக் கம்பியில் காயில் கட்டுகிற சுருளியை ஊரில் பாதிப் பேர் ‘கப்பல்’ என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டுக் கொல்லையில், மரச்சட்டத்தில் வரிசையாகத் தொங்குகின்றன ஒன்பது போட் மோட்டார்கள். படகின் பின்பக்கம் மாட்டி, கயிற்றைச் சுண்டி இழுத்துக் கிளப்புகிற பழைய வகை. பல அவருக்கே மூத்தவை. வைகையில் மணல் தெரிகிற சீமையில் இதென்ன கிறுக்கு என்று கேட்டால் அவருக்குக் கோபம் வராது. ஜல்லிக்கட்டு மாடு வளர்க்கிறவனிடம் போய் எத்தனை லிட்டர் கறக்கும் என்றா கேட்கிறீர்கள் என்பார்.

தூத்துக்குடி, கீழக்கரைப் பக்கத்துப் பழைய இரும்புக் கடைகளில் துருவேறிக் கிடப்பதைத் தூக்கிவருவார். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, கிடைக்காத பாகத்தை லேத்தில் கடைந்து, நீல டிரம் நிறையத் தண்ணீர் பிடித்து அதில் நிறுத்தி ஓட்டுவார். ஒன்பதும் ஓடும். கொடியில் காயும் சேலையெல்லாம் பெட்ரோல் நாறுகிறது என்று அவர் மனைவி முத்துமீனா சத்தம் போடாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

பத்தாவதுதான் அவரைப் பாடாய்ப்படுத்தியது. மண்டபத்துப் பாண்டியம்மாள் வீட்டில் இருந்தது அது. மீன்பிடித்த கணவர் இறந்து மூன்று வருடமாகியும் அவருடைய எஞ்சினை அந்தம்மா யாருக்கும் கொடுக்கவில்லை. அதே வகை இனி எங்கும் கிடைக்காது என்று சுருளிக்குத் தெரியும். நேரில் போய்க் கேட்டபோது, இரும்பு விலைக்கு நிறுத்து வாங்க ஆயிரம் பேர் வருகிறார்கள், தன்னிடம் இருப்பதில் ஒன்றைப் படகில் மாட்டித் தண்ணீரில் ஓட்டிக் காட்டுகிறவனுக்குத்தான் கொடுப்பேன் என்று சொல்லிவிட்டார். தை மாதம் திருமங்கலத்துக்கு ஒரு வளைகாப்புக்கு வருகிறாராம். அன்றைக்குக் காட்டினால் போதுமாம். சுருளி அங்கேயே சரி என்று தலையாட்டிவிட்டார்.

அந்த வருடம் மழை ஏமாற்றவில்லை, கம்மாய் நிறைந்து கிடந்தது. மீன் குத்தகை எடுத்த அழகுபாண்டியிடம் சின்ன ஃபைபர் படகு ஒன்று உண்டு. ஒன்பதில் நல்லதாக ஒன்றை எடுத்து அதில் மாட்டினார் சுருளி. கரையில் ஒரு கூட்டம். நடுவில் பட்டுச்சேலையோடு பாண்டியம்மாள்.

இரண்டாவது இழுப்பிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு பாய, டிரம்முக்குள்ளேயே உறுமிப் பழகிய மோட்டார் முதல்முறையாக ஒரு பாரத்தைத் தள்ளுகிறது என்று நினைத்தபோது சுருளிக்குக் கண் கலங்கிவிட்டது. கரையில் விசில் பறந்தது. சரியாக நடுக்கம்மாயில், தண்ணீருக்குள் முங்கிக் கிடந்த கருவேலங்கட்டையில் மோட்டாரின் அடியில் சுழலும் விசிறி மோதியது. மடக்கென்று ஒரு சத்தம். எஞ்சின் ஊளையிட்டது, படகு நின்றுவிட்டது. படகில் கூட வந்த அழகுபாண்டிதான் கம்பை ஊன்றிக் கரைக்குத் தள்ளிவந்தார்.

கட்டை தட்டினால் யார் என்ன செய்ய முடியும் என்று கூட்டமே ஆறுதல் சொன்னது. சுருளி மோட்டாரின் அடிப்பகுதியைக் கழற்றினார். எண்ணெயோடு பற்சக்கரத்தின் பல்லும் துண்டு துண்டாக வந்து விழுந்தது. விசிறியைத் தண்டோடு பிணைக்கும் ஆணி மட்டும் நோகாமல் இருந்தது. அவர் போட்ட ஆணி. பழைய ஆணி பித்தளையில் இருந்தது. இதென்ன இம்புட்டு மெத்தென்று இருக்கிறதே என்று சிரித்துவிட்டு, எஃகுக் கம்பியில் வெட்டிப் போட்டிருந்தார். பம்புசெட்டு ஊரில் எது உடைந்தாலும் அதைவிட வலுவானதைப் போடுவதுதான் வைத்தியம். அந்த வைத்தியம் இங்கே ஆளைக் கொன்றுவிட்டது.

கட்டைமேல் பழியைப் போட்டால் எஞ்சின் வீட்டுக்கு வந்துவிடும். ஊரே அதைத்தான் சொல்கிறது. ஆனால் கையில் ஆணி இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவருக்கு மனம் வரவில்லை.

“கட்டை மேல குத்தமில்லக்கா. இந்த ஆணிய நான் எஃகுல போட்டுட்டேன்.”

“ஏன் போட்ட?”

“உடையக் கூடாதுன்னுதான்.”

“உடையத்தானே தம்பி அது இருக்கு. அது உடைஞ்சா எஞ்சின் பொழைக்கும். எங்க வீட்டுக்காரரு மடியில நாலு ஆணி முடிஞ்சுக்கிட்டுத்தான் கடலுக்கே போவாரு.”

சுருளிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் தலை குனியவில்லை. பல்லைக் கடைந்து மாற்ற ஒரு மாதம் போதும், மறுபடி இதே கம்மாயில் ஓட்டுவேன், பத்தாவது கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஓட்டுவேன் என்று சொன்னார்.

பாண்டியம்மாள் அந்த ஆணியை வாங்கி உள்ளங்கையில் உருட்டினார்.

“எஞ்சின் போட்ட ஊளையிலயே எனக்கு விசயம் தெரிஞ்சுபோச்சு. கட்டைய நீ சாக்குச் சொல்லியிருந்தா பேசாம பஸ் ஏறியிருப்பேன். எஞ்சின எடுத்துக்க. ஆனா டிரம்முல ஓட்டிட்டு எனக்குச் சேதி அனுப்பாத. மண்டபத்துக்குக் கொண்டாந்து, என்னைய ஏத்திக்கிட்டுக் கடல்ல ஓட்டணும். நாப்பது வருசம் அந்தச் சத்தத்தக் கரையில நின்னே கேட்டுட்டேன்.”

சுருளி கடலைப் பார்த்ததெல்லாம் கரையில் நின்றுதான். பயமாகத்தான் இருந்தது. அதைவிடப் பெரிதாகச் சந்தோஷம் பொங்கியது.

“பங்குனியில வாரேன்க்கா” என்றார்.

நீச்சல் தெரியுமா என்று அந்தம்மா கேட்கவில்லை. கேட்டிருந்தால், தெரியாது என்று அதையும் ஒப்புக்கொண்டிருப்பார்.