வீட்டு ஆம்பளைக்கு ஆகாத மாடு

புதுக்கோட்டை மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பதற்கு முன்பே சுழி பார்த்துவிடுவார்கள். அந்தச் செவலைப் பசுவின் முதுகில், திமிலுக்கு ஒரு சாண் பின்னால், மயிர் இடப்பக்கமாகச் சுழித்திருந்தது. வீட்டு ஆம்பளையைக் கொண்டுபோகிற சுழி. மடியைப் பார்த்து ஆசையாக வந்தவர்கள், முதுகைப் பார்த்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நகர்ந்தார்கள்.

செங்கமலம் மடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"வேணாம் ஆத்தா," என்றார் தரகர் முனியசாமி. "புருசனுக்கு ஆகாது."

"அவரு கொழும்புக்குப் போயி ஏழு வருசம் ஆச்சுண்ணே. ஒரு கடுதாசி கெடையாது. இந்த மாடு வந்து புதுசா என்னத்தச் செஞ்சிரப் போகுது?"

முனியசாமி விலை பேசப் போனார். பாதி விலையில் மாடு ஆலங்குடிப் பக்கம் நடந்தது. அது 1954.

வேளைக்கு இரண்டு படி கறந்தது. காப்பிக் கிளப்புக்குப் பால் ஊற்றியே கூரையை மாற்றினாள், தோடு வாங்கினாள். ஒருமுறை மடி கல்லாகக் கட்டிக்கொண்டபோது, கற்றாழையும் மஞ்சளும் அரைத்து மடியில் பூசியபடி மூன்று நாள் தொழுவத்திலேயே கிடந்தாள். யாரையும் கேட்காமல் தன் இஷ்டத்துக்கு வாழ்வது, காய்ச்சிய பாலின் ஏட்டைவிட ருசியாக இருந்தது.

1960 தை மாதம் புருஷன் ராக்கன் டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினான். இத்தனை வருஷம் எங்கே என்று அவன் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் டீக்கடையில் யாரோ மாட்டுச் சுழியின் பெருமையைச் சொல்ல, ஓட்டமாக வந்தான்.

"ஏண்டி, என்னைய முடிக்கவா மாடு வாங்குன?"

"நீங்க இருக்கீங்கன்னு யாருக்குத் தெரியும்?"

"நாளைக்கே அடிமாட்டுக்காரன்கிட்டப் புடிச்சுக் குடுக்குறேன் பாரு."

கொடுத்துவிடுவான். ஊரும் புருஷன் பக்கம்தான் நிற்கும். மாடு போனால் விடிந்து எழுந்து அவன் கையைப் பார்த்து நிற்க வேண்டும். அந்தக் கையில் கொழும்பிலிருந்து ஒன்றும் வந்த மாதிரியும் தெரியவில்லை.

"குடுங்க. வெட்டக் குடுத்தா சுழி எங்கிட்டுப் போகும்னு மட்டும் முனியசாமி அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க."

மறுநாள் ராக்கன் போவதற்குள் ஒரு செம்பு கெட்டித் தயிர் முனியசாமி வீட்டுக்குப் போய்விட்டது.

முனியசாமி கண்ணை மூடி யோசித்தார். மீசையில் தயிர் இருந்தது. "வெட்டக் குடுத்தா, குடுத்தவன் மேலயே ஏறிக்கிரும்ப்பா. ஒண்ணு செய்யலாம். சுழி எசமானைத்தான் தேடும். வேலையாளை ஏறெடுத்தும் பாக்காது."

"அதுக்கு?"

"நீ எசமான் இல்லைன்னு மாடு நம்பணும்."

அன்று சாயங்காலமே ராக்கன் சாணிக்கூடையை எடுத்தான். புல் அறுத்தான், கண்மாயில் மாட்டைத் தேய்த்துக் குளிப்பாட்டினான். தொழுவத்தில் நின்று சத்தமாகச் சொன்னான்: "பருத்திக்கொட்டை ஊற வச்சிட்டேங்கம்மா!"

"தண்ணி காட்டுனியா?" என்றாள் செங்கமலம், அதைவிடச் சத்தமாக. பிறகு உள்ளே போய் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஒருநாள் மறந்துபோய் அவளை அதட்டினான். மாடு திரும்பிப் பார்த்தது. உடனே குனிந்து, அள்ளிய இடத்திலேயே மறுபடியும் சாணி தேடினான். பக்கத்து வீட்டார் சிரித்தார்கள். "சிரிங்க சிரிங்க. உசுரு என்னுதுல்ல," என்றான்.

அடுத்த வருஷம் சனத்தொகைக் கணக்கெடுக்கப் பள்ளிக்கூட வாத்தியார் தாளும் பேனாவுமாக வந்தார்.

"குடும்பத் தலைவர் பேரு?"

ராக்கன் தொழுவத்துப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டான். "செங்கமலம்னு போடுங்க."

"நீங்க?"

"மாட்டுக்கு வேலையாளுங்க."

ஊர்க்காரரான வாத்தியார் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, வாசலில் நின்ற செங்கமலத்தைப் பார்த்தார்.

"அப்படியே எழுதிக்கங்க சார்," என்றாள் அவள். "நல்ல ஆளுதான். வேலைய விட்டு நிப்பாட்டுறதா இல்ல."