லனெல்லியும் கயல்விழியும்

வேல்ஸ் நாட்டு விடுதிகளுக்கு அறை பதிந்து கொடுக்கும் கோல் சென்ரர் ஒன்று புலம்பெயர்ந்த தமிழர் நிறைந்த அஜின்கோர்ட்டில் இருந்தது. அங்கே எங்களுக்குப் பயிற்சி தந்தவர் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். கசங்காத சேர்ட், சிரிக்காத வாய். 'ல'வில் காற்றை ஊதிச் சொல்லவேண்டிய 'லனெல்லி' என்ற வேல்ஸ் ஊர்ப்பெயரை நாங்கள் சொல்லும்போது வாய்க்கு முன்னால் ரிஷ்யூத் தாள் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். காற்றில் அது ஆடாவிட்டால் வேலை இல்லை.

கயல்விழியாகிய என்னை அவர் 'கே' ஆக்கியிருந்தார். ஒரு நாள் பொறுக்கமுடியாமல் கேட்டேன்.

"அண்ணை, அவையின்ர ஊருக்கு இவ்வளவு பாடுபடுறியள். என்ர பேரை மட்டும் ஏன் வெட்டுறியள்?"

"ஊர்ப்பேரைப் பிழையாச் சொன்னா அவை போனை வச்சிடுவினம். பேரை வெட்டினா நீர் வேலையை விட்டிட்டுப் போவீரோ?"

வாடகையை நினைத்துக்கொண்டு மறுபடியும் 'லனெல்லி' சொல்லிப் பழகினேன்.

என் முதல் அழைப்பை அவரும் ஹெட்செட்டில் கேட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றார். லனெல்லியைச் சரியாகச் சொன்னேன். மறுமுனைப் பெண்மணி மகிழ்ந்துபோய் என் பெயரைக் கேட்டார். பயிற்சி தந்தவர் என்னையே பார்த்தார்.

"கயல்விழி" என்றேன்.

பெண்மணி 'ழி'யில் இடறினார், மறுபடியும் சொல்லிப் பார்த்தார், பிறகும் இடறினார். போனை மட்டும் வைக்கவில்லை.

பயிற்சி தந்தவர் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு நகர்ந்தார்.

அதற்குப்பிறகு அவர் என்னைக் 'கே' என்று கூப்பிடவில்லை. கயல்விழி என்றும் கூப்பிடவில்லை.