தம்பியின் மனுவில் என் இரண்டு வருஷம்

மனு எழுதின அன்று வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். அம்மா, அம்மாவின் தம்பியான மாமா, பட்டணத்துக் காலேஜில் இன்டர்மீடியட் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்த என் தம்பி, நான். அப்பா போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது.

யுத்த காலம். ஆவடியில் ராணுவத்துக்காகப் புதிதாகப் போட்ட கிடங்கு ஒன்றில் கணக்கெழுத ஆள் எடுக்கிறார்கள் என்று தம்பி கேள்விப்பட்டு வந்திருந்தான். அம்பத்தூரில் எங்கள் வீட்டிலிருந்து ரயிலில் போய் வந்துவிடலாம். அந்த வேலை கிடைத்தால் பாடியில் அடமானத்தில் இருந்த நிலத்தை மீட்கலாம். இல்லாவிட்டால் நிலம் கடன் கொடுத்தவனுக்கே முழுகிவிடும். எதற்கும் பயப்படுகிறவள் என்று வீட்டில் எனக்குப் பெயர்.

தம்பி மனுவை இங்கிலீஷில் எழுதித் தமிழில் எங்களுக்குச் சொன்னான். பெயர், வயசு, படித்தது, டைப் பரீட்சை தேறியது. ஒரு வருஷம் இலவச மாணவர் விடுதியில் சமையல் கணக்கைப் பார்த்துக்கொண்டது. அதைப் போடவே அவனுக்குக் கூச்சம். அரிசி பருப்புக் கணக்கெல்லாம் ஒரு யோக்கியதையா என்றான். அவனுடைய வாத்தியார்தான் போடச் சொன்னாராம். எல்லாம் அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது.

மாமா ஒரு சர்க்கார் கச்சேரியில் டவாலிச் சேவகர். அவருக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. ஆனால் துரை மேஜைக்குத் தினம் மனுக்களைக் கொண்டுபோய் வைக்கிறவர். காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இன்னா நைனா, பாதிப் பக்கம் காலியா கீது? நம்ம கஸ்டம் ஒண்ணுமே இதுல இல்லியே.”

“மாமா, கணக்கு தெரிஞ்சவன் வேணும்னு கேக்கறாங்க. கஷ்டப்பட்டவன் வேணும்னு கேக்கல.”

“ஆமா, நீ காலேஜு. நான் வெறும் டவாலி.”

அம்மா அழ ஆரம்பித்தாள். அப்பா இல்லாததை எழுதாமல் விட்டால் அவர் பிறக்கவே இல்லை என்கிற மாதிரி ஆகிவிடுமே என்றாள். தம்பி பேனாவை மறுபடி எடுத்தான். தகப்பனார் காலமானார் என்று ஒரு வரி சேர்த்தான். மாமாவுக்கு அது போதவில்லை. வெறுமனே செத்தார் என்றால் குடித்துச் செத்ததாக நினைப்பார்கள், நோவையும் எழுது என்றார். க்ஷயம் என்று எழுதினான். இரண்டு வருஷம் படுக்கையில் இருந்ததையும் எழுதினான்.

“பக்கத்துல இருந்து பாத்துகினது நீதான்னு போடு. பெத்தவன அப்டிப் பாத்தவன்னா தொரைக்கு மனசு எறங்கும்.”

பார்த்துக்கொண்டவள் நான். அதற்காகத்தான் ஆறாம் பாரத்தில் பள்ளிக்கூடத்தை விட்டேன். எச்சில் சட்டியில் சாம்பல் போட்டு வைத்து எடுத்துக் கொட்டினதும், நெஞ்சைப் பிடித்துவிட்டதும் நான். தம்பி அந்த இரண்டு வருஷமும் விடுதியில் இருந்தான். லீவுக்கு வந்தாலும் அப்பா அவனைக் கிட்டே விடமாட்டார். அவன் என் முகத்தைப் பார்த்தான். அம்மா முந்திக்கொண்டாள்.

“அவ பேர இழுக்காத. நாளைக்கு இவளக் கட்டிக் குடுக்க வாணாமா?”

அவன் எழுதினான். பக்கம் நிரம்பியது. மாமா திருப்தியாக வெற்றிலை போட்டுக்கொண்டார். துரையிடம் பொய் எழுதிக் கொடுத்தால் ஜெயில் உண்டா என்பதுதான் அன்று முழுக்க என் கவலை. பொய்யை நினைத்துப் பயந்தேனே தவிர நோயின் பெயரை நினைத்து எனக்குப் பயமே வரவில்லை.

ஆவடியில் கூப்பிட்டார்கள். போய்வந்த சாயங்காலம் தம்பி சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து சொன்னான். விடுதிக் கணக்கு வரிக்குப் பக்கத்தில் துரை நீலப் பென்சிலால் கோடு போட்டாராம். அரிசி எந்த விலைக்கு வாங்கினாய், மிச்சத்தை எப்படி எழுதுவாய் என்று கேட்டாராம். ஒரு தாளில் கூட்டல் கொடுத்துச் சரிபார்த்துத் தலையாட்டினாராம். அப்புறம் மனுவின் கீழ்ப்பாதியை வாசித்தார். நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டு, இரண்டு வருஷமும் நீ கூடவே இருந்தாயா என்று கேட்டார்.

“நீ இல்லன்னு சொல்லிருக்கலாமேடா,” என்றேன்.

“பொய் எழுதினவன கணக்குல வெப்பாங்களாக்கா? ஆமான்னேன்.”

எக்ஸ்ரே எடுத்து, நெஞ்சு சுத்தம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததைக் கொண்டுவா என்று அனுப்பிவிட்டார்கள். அதற்குக் கையில் காசில்லை. மாமாவிடம் போய் நின்றேன். கச்சேரியில் யாரிடமோ கைமாற்று வாங்கிப் பதினைந்து ரூபாய் கொண்டுவந்து, என் கையில் கொடுக்காமல் ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போனார். தம்பிக்கு ஒன்றும் இல்லை, நெஞ்சு சுத்தம். அந்தக் காகிதத்தோடு அவன் ஆவடிக்குப் போனபோது அந்த இடத்தில் வேறு பையன் உட்கார்ந்து கணக்கெழுதிக்கொண்டிருந்தான்.

ஆடி மாசம் நிலம் முழுகியது. தம்பி வேறு எங்கெங்கோ மனுப் போட்டான். எதையும் எங்களுக்கு வாசித்துக் காட்டவில்லை. சோதித்துப் பார்க்க வேண்டியது என்னை என்று யாரும் சொல்லவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. ஒவ்வொரு இருமலுக்கும் முந்தானையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற வழக்கம் அப்போது வந்ததுதான்.

மாமா அந்தப் பணத்தைப் பற்றி ஒருநாளும் கேட்கவில்லை. அப்பளம் இட்டு விற்று மூன்று ரூபாய் சேர்த்துக் கொடுத்தேன். மீதியைச் சேர்ப்பதற்குள் அவரும் கண்ணை மூடிவிட்டார். பாக்கி பன்னிரண்டு ரூபாய்.