மகேசு இடது பக்கம் திரும்பினாள்

போன வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்கு ஒரு மேசை விசிறி வாங்கப் போனேன். அந்தச் சந்தையில் நினைத்துப் போன பொருளை வாங்கி வந்தவர் யாராவது உண்டா, சொல்லுங்கள். என் கணவர் ஒருமுறை டிரில் பிட் வாங்கப் போய் ஒரு ஜோடி லவ்பேர்ட்ஸோடு வந்தார். அவை இன்னமும் சேலையூரில் எங்கள் பால்கனியில் கத்திக்கொண்டிருக்கின்றன. நான் விசிறிகளைத் தாண்டி, பழைய சைக்கிள் டயர்களைத் தாண்டி, தார்ப்பாயில் குவித்திருந்த விளையாட்டுச் சாமான்களுக்கு முன்னால் நின்றுவிட்டேன். மேலே இருக்கும் புள்ளியெல்லாம் தேய்ந்து வழுவழுவென்று ஆகிவிட்ட ஒரு பாஸ்கெட்பால். கையில் எடுத்தேன். அப்புறம், நாலு பேர் பார்ப்பார்களே என்றுகூட யோசிக்காமல் மூக்கருகே கொண்டுபோனேன்.

“இன்னா மேடம், பந்தப் போயி மோந்து பாத்துகினுகீற? மல்லிப்பூவா அது?” என்றார் கடைக்காரர்.

மல்லிப்பூ இல்லைதான். ஆனால் வெயிலில் காய்ந்த ரப்பரும் உள்ளங்கை வேர்வையும் சிமெண்டுத் தூசியும் கலந்த அந்த வாசனை இருக்கிறதே, அது என்னை நேராகத் தாம்பரத்தில் நான் படித்த பெண்கள் கல்லூரியின் பின்பக்கத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டது. ஹாஸ்டல் சுவருக்கும் சைக்கிள் ஷெட்டுக்கும் நடுவே எங்கள் கோர்ட். தரையில் ஒரு விரிசல் குறுக்கே ஓடும். அதில் பந்து பட்டால் எந்தப் பக்கம் எகிறும் என்று எங்களுக்கு மட்டும்தான் தெரியும். வெளியூர் டீம்கள் வந்தால் அந்த விரிசல்தான் எங்கள் ஆறாவது ஆட்டக்காரர்.

நானும் டீமில் இருந்தேன். சிரிக்காதீர்கள். உயரமாக இருக்கிறேன் என்று முதல் வருஷத்திலேயே பி.டி. மேடம் பிடித்துப் போட்டுவிட்டார். “உனக்கு ஹைட் இருக்கு, யூஸ் இல்லை” என்று கண்டுபிடிக்க அவருக்கு ஒரு வாரம் ஆனது. அதற்குள் ஜெர்சி தைத்துவிட்டார்கள். அதனால் மூன்று வருஷமும் பெஞ்சில் உட்கார்ந்தேன். பெஞ்சு எனக்குப் பழகிவிட்டது. அங்கிருந்துதான் மகேஸ்வரியைப் பார்த்தேன்.

மகேசு என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். பல்லாவரத்துப் பெண். என்னைவிட ஒரு சாண் குள்ளம். ஆனால் பந்துக்கு எகிறினாள் என்றால் நான் எகிறியும் தொடாத இடத்தை அவள் முழங்கை தொடும். எகிறுவதுகூடப் பரவாயில்லை, பத்துப் பேரில் ஒருத்தி எகிறுவாள். மகேசிடம் இருந்தது அந்த முதல் எட்டு. நின்ற இடத்தில் நின்றுகொண்டிருப்பாள். அடுத்த கணம் அங்கே இருக்க மாட்டாள். எதிரே நின்றவள் ‘எங்கே போனாள்?’ என்று பார்ப்பதற்குள் பந்து வலைக்குள் இறங்கியிருக்கும். இத்தனையும் செய்துவிட்டுப் பூனை மாதிரி சத்தமில்லாமல் தரைக்கு வருவாள்.

இவளுக்கு எங்கிருந்து இந்த உடம்பு வந்தது என்று ஹாஸ்டலில் ஒரு ஆராய்ச்சியே நடந்தது. தினமும் பச்சை முட்டை குடிக்கிறாள் என்றாள் ஒருத்தி. ஆட்டுக்கால் சூப் என்றாள் இன்னொருத்தி. பாட்டனார் பயில்வானாக இருந்திருக்க வேண்டும் என்பது மெஸ் ஆயாவின் கட்சி. பி.டி. மேடம் மட்டும், “இட்ஸ் எ கிஃப்ட், கேர்ள்ஸ்” என்று வானத்தைக் காட்டுவார். நானும் அதை நம்பிக்கொண்டு, எனக்கு மட்டும் ஏன் தரவில்லை என்று ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கர்த்தரிடம் லேசாகக் கோபித்துக்கொண்டதுண்டு.

இரண்டாம் வருஷத்தில் வந்தது வினை. நகரத்திலிருந்து ஒரு கல்லூரி டீம் வந்து ஆடியது. பாதி ஆட்டம் வரைக்கும் மகேசு வழக்கம்போல் பறந்துகொண்டிருந்தாள். இடைவேளையில் அவர்களுடைய கோச் ஏதோ காதில் சொன்னார். திரும்பி வந்ததும் ஒரு பெண் மகேசுக்கு வலது பக்கமாகப் போய் நின்றுகொண்டாள். அவ்வளவுதான். மகேசால் நகர முடியவில்லை. இடது பக்கம் ஆளே இல்லை, கதவு திறந்து கிடக்கிற மாதிரி கிடந்தது. அந்தப் பக்கம் அவள் போகவே இல்லை. தோற்றுப்போனோம். அந்த வருஷம் எல்லாக் கல்லூரிக்கும் இந்தச் சேதி பரவிவிட்டது. தாம்பரத்துப் பொண்ணா, வலது பக்கம் நில்லு, போதும்.

மகேசுக்கு இது வெறும் ஆட்டம் இல்லை. அவள் அம்மா பல்லாவரத்தில் ஒரு லெதர் கம்பெனியில் கையுறை தைத்துக்கொண்டிருந்தார். அப்பா இல்லை. சாயங்காலம் பொம்பளைப் பிள்ளை பந்து தட்டிக்கொண்டிருப்பது அந்த அம்மாவுக்கு ஏற்கெனவே பிடிக்காது. தோற்ற சேதி கேட்டதும் கறாராகச் சொல்லிவிட்டார்.

“இந்த வாட்டி யூனிவர்சிட்டி டீம்ல உன் பேரு வந்தா ஆடு. வரலன்னா பந்தத் தூக்கிப் பரண்ல போட்டுட்டு, காலேஜ் வுட்டதும் எங்கூட தைக்க வந்துடணும். இன்னா, புரிதா?”

செலக்‌ஷனுக்கு இரண்டு மாதம் இருந்தது. பி.டி. மேடம் இடது கைதான் வீக் என்று முடிவு கட்டினார். மகேசு இடது கையாலேயே பந்தைத் தட்டிக்கொண்டு கோர்ட்டைச் சுற்றினாள், ஸ்டேஷன் வரைக்கும் தட்டினாள், பிளாட்பாரத்திலும் தட்டி டி.டி.ஆரிடம் திட்டு வாங்கினாள். கை நன்றாகவே பழகியது. ஆனால் ஆள் எதிரே வந்து நின்றால் உடம்பு வலது பக்கம்தான் சாய்ந்தது. “எனக்கே தெரியல டீ, காலு கேக்க மாட்டேங்குது” என்று ரயிலில் அழுதாள். மகேசு அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அழுதவளைத் தனியாக விட மனமில்லாமல் என் ஸ்டேஷனுக்குப் போகாமல் அன்றைக்கு அவளோடு பல்லாவரத்தில் இறங்கினேன். வீட்டில் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தட்டில் சோறு போட்டுப் பிசைந்துகொண்டிருக்கும்போது தெருக்கோடியில் ஹாரன் சத்தம். தண்ணீர் லாரி. அந்த வருஷங்களில் ஊரெல்லாம் தண்ணீர்ப் பஞ்சம், உங்களுக்கு நினைவிருக்கும். ‘லாரி’ என்று நான் புரிந்துகொள்வதற்குள் எதிரே மகேசின் தட்டு மட்டும்தான் இருந்தது. அதே முதல் எட்டு. வாசலில் கிடந்த செருப்புகளையும் ஒரு நாயையும் தாண்டிப் போய்விட்டாள்.

கையைக்கூடக் கழுவாமல் பின்னாலேயே ஓடினேன். தெரு முழுக்கப் பச்சையும் மஞ்சளும் ஊதாவுமாகப் பிளாஸ்டிக் குடங்கள். பெண்கள் கத்திக்கொண்டும் சிரித்துக்கொண்டும் நின்றார்கள். மகேசு குடத்தைப் பிடித்தாள், நிரம்பியதும் இடது இடுப்பில் ஏற்றினாள், சட்டென்று வலது பக்கம் திரும்பினாள், ஓடினாள். திரும்ப வந்தாள். மறுபடியும் இடது இடுப்பு, வலது திருப்பம், ஓட்டம். ஒன்றாவது படிக்கும் காலத்திலிருந்து தினமும் செய்கிற வேலை. டிரெஸ் மாற்றும்போது அவளுடைய இடது இடுப்பில் கறுப்பாகக் காய்த்துப்போன ஒரு தழும்பைப் பார்த்திருக்கிறேன், என்னவென்று கேட்டதில்லை. கோர்ட்டிலும் அவள் இடது காலை ஊன்றித்தான் எகிறுவாள். ஆட வக்கில்லாதவளுக்குப் பார்க்கவாவது நேரம் கிடைக்குமே, அவள் காலை ஒரே பக்கத்துக்குப் பழக்கியது இந்தக் குடம்தான் என்று எனக்குச் சட்டென்று பிடிபட்டது.

“மகேசு, குடத்தை அந்தப் பக்கம் மாத்தித் தூக்கிப் பாரேன்” என்றேன்.

“எந்தப் பக்கம்?”

“ரைட் ஹிப்ல.”

முறைத்தாள். அப்புறம் மாற்றினாள். மாற்றியதும் பாதித் தண்ணீர் என் மேல்தான் கொட்டியது. வரிசையில் இருந்த பெண்களுக்கு ஒரே கும்மாளம்.

மறுநாளிலிருந்து வலது இடுப்பில்தான் தூக்கினாள். முதல் வாரம் தெருவெல்லாம் தண்ணீர், வீட்டில் குடமெல்லாம் அரைக்குடம். அம்மா கத்தினார். அதையாவது சமாளித்துவிடலாம். நான் யோசிக்காமல் விட்டது ஒன்று இருந்தது. குடம் வலது இடுப்புக்குப் போனால் சோத்தாங்கை குடத்தைச் சுற்றிக்கொள்ளும். மிச்சம் இருப்பது பீச்சாங்கை மட்டும்தான்.

பக்கத்து வீட்டுக் கமலாக்காவின் பெண்ணை ஒருநாள் சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வருகிறார்கள். வாசலில் கோலம், உள்ளே கேசரி. பூக்காரம்மா அவசரத்தில் பூப்பொட்டலத்தை மகேசின் வீட்டுப் படியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். கமலாக்கா, “மகேசு, அந்தப் பூவ எட்டி எடுத்துக் குடு” என்று கேட்க, இடுப்பில் நிறைகுடத்தோடு ஓடி வந்தவள் குனிந்து எடுத்து நீட்டினாள். எந்தக் கையால் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நல்ல காரியத்துக்குப் போகிற பூவை, அதுவும் கல்யாணப் பெண்ணுக்கான பூவை!

“அடிப்பாவி! நல்ல நாளும் அதுவுமா பீச்சாங்கையாலயாடி குடுப்ப?” என்று கமலாக்கா போட்ட சத்தத்தில் தெருவே வெளியே வந்தது. மகேசின் அம்மா அங்கேயே குடத்தைப் பிடுங்கி இடது இடுப்பில் வைத்து, “இன்னொரு தபா மாத்தித் தூக்குன, காலை ஒட்ச்சிடுவேன்” என்றார்.

மறுநாள் கோர்ட்டில் மகேசு நடந்ததைச் சொல்லிவிட்டுப் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். முடிந்தது என்று நினைத்தேன். யோசனை சொன்ன வாயை ஊசியால் தைத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அதற்கடுத்த நாள் ரயிலை விட்டு இறங்கியதும் ஓடியே வந்தாள். மாப்பிள்ளை வீட்டார் போன கையோடு சம்மதம் சொல்லி அனுப்பிவிட்டார்களாம். வரிசையாக மூன்று இடம் தட்டிப்போன பெண்ணுக்கு இந்த இடம் அமைந்துவிட்டது. கமலாக்கா தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாராம், “மகேசு குடுத்த பூதாம்மா ராசி.” நாலு வீடு தள்ளி இருந்த ஒரு அம்மா, தன் பெண்ணைப் பார்க்க வரும்போதும் மகேசே வந்து பூ எடுத்துக் கொடுக்க வேண்டும், அதே கையால், என்று சொல்லிவைத்துவிட்டார். மகேசின் அம்மாவும் இறங்கி வந்துவிட்டார். “எந்த இடுப்புலனா தூக்கித் தொலை. தண்ணிய மட்டும் சிந்தாத” என்றாராம்.

செலக்‌ஷன் அன்று தண்ணீர் பாட்டில் தூக்குகிறவளாக நானும் போயிருந்தேன். அந்தப் பொறுப்பில் எனக்குப் போட்டியே கிடையாது. மகேசு உள்ளே இறங்கியதும் எதிரே நின்ற பெண் சிரித்துக்கொண்டே வலது பக்கத்தை அடைத்தாள். மகேசு ஒரு நொடி நின்றாள். அப்புறம் வலது காலை ஊன்றி இடது பக்கம் திரும்பினாள். அந்தக் கால் இன்னும் கொஞ்சம் பச்சைப்பிள்ளைக் கால்தான், லேசாகத் தடுமாறியது. ஆனால் எகிறினாள். இடது கையிலிருந்து பந்து மெல்லக் கிளம்பி, வளையத்தில் ஒருமுறை தட்டி உள்ளே விழுந்தது. நான் பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கத்தினேன். மூடி திறந்திருந்தது. செலக்டர் சாரின் சட்டை நனைந்துபோனது. அப்படியும் பட்டியலில் அவள் பேரைப் போட்டார், நல்ல மனிதர்.

பந்தை வாங்கிக்கொண்டுதான் சந்தையிலிருந்து வந்தேன், விசிறி இல்லாமல். ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு கேளம்பாக்கம் போனேன். அங்கே ஒரு பெண்கள் கல்லூரியில் மகேசுதான் இப்போது கோச். கூரை போட்ட கோர்ட், நீலநிறத் தரை, மருந்துக்குக்கூட ஒரு விரிசல் இல்லை. ஒல்லியாக ஒரு பெண் எகிறுவதைப் பார்த்து வாயைப் பிளந்தேன். பெண்கள் தண்ணீர் குடிக்க உட்கார்ந்ததும் எனக்கு நாக்கு சும்மா இருக்கவில்லை.

“உங்க மேடம் எப்படி எகிறுவாங்க தெரியுமா? எல்லாம் குடம் தூக்கின உடம்பு! உங்களுக்கெல்லாம் கேன் வாட்டர்...” என்று ஆரம்பித்தேன்.

“ஏய், நிறுத்துடி” என்றாள் மகேசு. பெண்கள் முன்னால் அவள் அப்படிப் பேசுவதில்லை போலிருக்கிறது, எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். “தண்ணி தூக்குனதாலயா நான் எகிறுனேன்? தண்ணி தூக்கியும் எகிறுனேன். எனக்கு ஆசை இருந்திச்சு, ஆடுனேன். அந்தக் குடம் எனக்கு இன்னா குடுத்திச்சு? பாதி உடம்ப அது எடுத்துகினு போச்சு. அத்தத் திரும்ப வாங்க நான் பட்டது எனக்குதான் தெரியும்.”

இத்தனை வருஷமாக எத்தனை பேரிடம் இந்தக் குடக் கதையைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்! மகேசு சிரித்துவிட்டு, நான் கொண்டுபோன பழைய பந்தை வாங்கினாள். அவளும் முதலில் அதை மூக்கருகேதான் கொண்டுபோனாள்.

அந்தத் தெருவுக்குக் குழாய் வந்து வெகுநாளாகிறது. லாரி வருவதில்லை, கலர் கலராகக் குடங்கள் வரிசையில் நிற்பதில்லை. இடுப்புத் தழும்புகூட மங்கி மறைந்துவிட்டது என்று மகேசு சொன்னாள். எங்கள் பழைய கோர்ட்டின் மேல் ஒரு மூன்று மாடிக் கட்டடம் நிற்கிறது, விரிசலும் அதோடு போயிற்று. இதற்கெல்லாம் ஒரு பெருமூச்சு விடலாம் என்றுதான் வந்தேன். விடத் தோன்றவில்லை.

மகேசு விசில் ஊதினாள். அந்த ஒல்லிப் பெண் பந்தோடு நின்றாள். நான் பழைய பழக்கத்தில் பெஞ்சின் நுனிக்கு நகர்ந்து அவள் இடுப்பையும் காலையும் கவனித்தேன். எவ்வளவு உற்றுப் பார்த்தும், அவள் எந்தப் பக்கம் திரும்புவாள் என்று என்னால் சொல்ல முடியவில்லை.