வோட்டு எண்ணிய நாளில் வந்த சுகர் மிஷின்

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள்: அப்பா. பெரியப்பா. அத்தை. கட்டப்பனையிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கிய மாமா. பின்கட்டில் அம்மா. டிவிக்கு முன்னால் நான். வேறு யாரும் இல்லை. ஆனால் கேட்ட சத்தத்துக்குக் காமயகவுண்டன்பட்டியே எங்கள் வீட்டில் கூடியிருக்கிறது என்றுதான் தெருவில் போனவர்கள் நினைத்திருப்பார்கள்.

வோட்டு எண்ணுகிற நாள். திராட்சை வெட்டு நடந்துகொண்டிருந்த நேரம். அன்று மட்டும் அப்பா தோட்டத்துக்குப் போகவில்லை. வெயில் ஏறுமுன்னே டிவி போட்டாகிவிட்டது. கறுப்பு வெள்ளை டிவி.

அப்பாவும் பெரியப்பாவும் ஒரே மோட்டாரில் தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள். கட்சி மட்டும் வேறு வேறு. பெரியப்பா முந்தின நாளே ஒரு கிலோ லட்டு வாங்கி வைத்திருந்தார். ஜெயித்தால் ஊருக்குக் கொடுக்க. அத்தைக்குக் கட்சி கிடையாது. கலர் டிவி தருகிறேன் என்று சொன்னவர்கள் பக்கம் இருந்தாள்.

எனக்குப் பத்து வயது. ஐந்தாவது முடித்திருந்தேன். அன்றைக்கு என் படிப்பு அவ்வளவுதான்.

மாமா அம்மாவின் தம்பி. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் ஓட்டினார். வந்ததும் சட்டைக்குள்ளிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து அப்பா முன்னால் வைத்தார்.

“மச்சான், இனிமே ரத்தம் குடுக்கக் கம்பத்துக்குப் போக வேணாம். கம்பத்தையே வாங்கிட்டு வந்துட்டேன்.”

அப்பாவுக்கு இரண்டு வருஷமாகச் சர்க்கரை. மாதம் ஒருதரம் வெறும் வயிற்றோடு டவுன் பஸ் ஏறிக் கம்பம் ஆஸ்பத்திரிக்குப் போவார். ரத்தம் கொடுத்துவிட்டுச் சாப்பிட்டு, மறுபடி ரத்தம் கொடுத்து, சீட்டு வாங்கி வரச் சாயங்காலமாகும். ஒரு நாள் வேலை போகும். அது பொறுக்காமல்தான் மாமா வாங்கி வந்தார். கட்டப்பனை மருந்துக் கடையில் மலையாளத்திலேயே பேரம் பேசி விலையைக் குறைத்த கதையை மூன்று பேரிடமும் தனித்தனியாகச் சொன்னார்.

அத்தை மிஷினை வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

“செல்லா இது? பேசுமா?”

“பேசும். ரத்தம் குடு, பதில் சொல்லும்.”

பெட்டியில் கூடவே ஒரு பேனா. அமுக்கினால் உள்ளே இருக்கிற ஊசி டிக்கென்று குத்திவிட்டுத் திரும்பிப் போய்விடும். விரலில் வருகிற சொட்டை ஒரு சின்னப் பட்டையில் தொட வேண்டும். மிஷின் ஐந்து, நான்கு, மூன்று என்று இறங்கி வந்து ஒரு நம்பர் காட்டும். பட்டைகள் ஒரு டப்பாவில் இருந்தன. ஒருதரம் போட்டதை மறுபடி போட முடியாது. செய்து காட்டுகிறேன் என்று மாமா முதல் பட்டையைத் தலைகீழாகச் சொருகி வீணாக்கினார்.

“நம்பர் வாசிக்கிறது பாப்பா வேலை,” என்றார். டிவியில் செய்தி வாசிக்கிற பெண் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

முதலில் அப்பா. இருநூற்று முப்பத்திரண்டு. நான் வாசிக்கவும் டிவியில் யாரோ முன்னணி என்று சொல்லவும் சரியாக இருந்தது. அப்பா வருத்தப்படவில்லை. தொடையைத் தட்டினார்.

“அண்ணே, இருநூத்தி முப்பத்திரெண்டு! நாந்தான் லீடிங்.”

பெரியப்பா விரலை நீட்டிவிட்டார். நூற்றுப் பதினெட்டு.

“இம்புட்டுத்தானா? உங்க கட்சி கணக்காவே போகுதேண்ணே.”

“ஏலே, இன்னும் பாதி ரவுண்டு பாக்கி கெடக்கு. அதுக்குள்ள ஆடாத.”

சொல்லிவிட்டு லட்டுப் பொட்டலத்தைப் பிரித்து ஒன்றை வாயில் போட்டார். கொஞ்சம் பொறுத்து மறுபடி குத்தச் சொன்னார். நூற்று நாற்பது. “ஏறுது பாரு, ஏறுது பாரு!” என்று எழுந்தே விட்டார்.

அத்தை குத்தும்போது கையை வெடுக்கென்று இழுத்ததில் ஒரு பட்டை போனது. அடுத்ததில் தொண்ணூற்று நான்கு.

“டெபாசிட் போச்சு,” என்றார் அப்பா.

“போனாப் போகுது. எனக்கு டிவி வந்தாப் போதும்.”

மாமாவுக்கு நூற்றொன்று. எனக்கு எண்பத்தெட்டு. பள்ளிக்கூடத்தில் எண்பத்தெட்டு வாங்கினால் டீச்சர் தட்டிக்கொடுப்பார். இங்கே கடைசி. எனக்கு அழுகை முட்டியது. டிவியில் பெரிய நம்பர் ஜெயிக்கிறது. சந்தையில் பெரிய நம்பருக்குத்தான் சரக்கு போகிறது. பெரியவர்கள் விளையாட்டுக்குப் பேசினார்கள். குறைந்தால்தான் நல்லது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

அம்மா இதில் எதிலும் இல்லை. பெரியப்பா கூடத்தில் இருந்தால் அம்மா வரமாட்டாள். புருஷனுக்கு மூத்தவர் முன்னால் உட்காருவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. பின்கட்டில் திராட்சைக் கொத்துகளில் அழுகலைக் கத்தரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அவ்வப்போது பானைக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போனாள்.

அத்தை கேட்டாள். “மதினி, இன்னைக்கு மட்டும் இந்தப் பானைய எத்தன தடவ நெறப்புவீக?”

“வெயிலு. வேறென்ன.”

“ஆளும் பாதியா வத்திட்டீக. ஜாக்கெட்டுக்குள்ள இன்னொரு ஆளு நொழையலாம் போல.”

“தோட்டத்துல ஒரு நாளு வந்து கொடிக்கடியில நின்னு பாரு. நீயும் வத்துவ.”

அப்பா டப்பாவைக் குலுக்கிப் பார்த்தார். இரண்டு பட்டைதான் மிச்சம்.

“மூடு மாப்ள. எனக்கு வேணும்ல.”

நான் விடவில்லை. அம்மா எதிலும் முதலாக வந்து நான் பார்த்ததில்லை. சாப்பிடக் கடைசி, குளிக்கக் கடைசி, பொங்கலுக்குச் சேலை எடுத்தாலும் எல்லோரும் எடுத்தபிறகு மிச்சம் இருக்கிறதில் ஒன்று. இதிலாவது அம்மா ஒரு நம்பர் எடுக்கட்டும், பெரியப்பாவையாவது தாண்டட்டும் என்று இருந்தது. அப்பா வேட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

“எனக்கெதுக்கு? நான் நல்லாத்தான இருக்கேன்,” என்று பின்கட்டிலிருந்து சத்தம் வந்தது. “அவுகளுக்கு வாங்கினத ஆளாளுக்குக் குத்திக் காலி பண்ணிட்டீக.”

“ஊசின்னா பயமா மதினி?”

“பயமாம். போடி.”

“சரி, ஒண்ணு குத்து மாப்ள. இல்லன்னா இந்தக் கழுத இன்னைக்கு டிவி பாக்க விடாது,” என்றார் அப்பா.

அம்மா வாசல் நிலைக்கு அந்தப் பக்கம் நின்றாள். கை மட்டும் கூடத்துக்குள் வந்தது. விரல் நுனியெல்லாம் திராட்சைக் கறை. நகக்கண்ணில் கொடிக்கு அடிக்கிற மயில்துத்தத்தின் நீலம். தோல் காய்த்துப் போயிருந்ததால் முதல் குத்தில் ரத்தம் வரவில்லை. மாமா பேனாவைத் திருகி ஊசியைக் கூட்டிக் குத்தினார். சொட்டு வந்தது.

ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று.

“நானூத்தி அறுபத்தெட்டு!”

நான் குதித்த குதியில் லட்டுப் பொட்டலம் சிதறியது. அம்மா ஜெயிச்சிருச்சு, அம்மா ஜெயிச்சிருச்சு என்று கூடத்தைச் சுற்றி ஓடினேன். அப்பாவைவிட இரண்டு மடங்கு! பெரியப்பா பக்கத்திலேயே வர முடியாது!

மாமா என் கையிலிருந்து மிஷினை வாங்கினார். பார்த்தார். துண்டில் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“அக்கா, கையக் கழுவுனியா?”

“சேலையில தொடச்சேன்.”

மாமா மூச்சை விட்டார். “அதானே பாத்தேன். பழச்சாறு விரல்ல ஒட்டிக்கெடக்கு. மிஷினு அதையும் சேத்து எண்ணிருச்சு. சாரமில்ல, ஒண்ணுமில்லக்கா.”

அப்பா உரக்கச் சிரித்தார். “திராட்சையில இருக்க இனிப்பயும் சொல்லுதா? அப்ப இத வியாபாரிகிட்ட காட்டியே வெலைய ஏத்திப்புடலாமே!”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மா ஜெயித்ததைச் செல்லாது என்கிறார்கள். தோற்றவர்கள்தான் மறுபடி எண்ணச் சொல்வார்கள் என்று காலையில் பெரியப்பாவே சொல்லியிருந்தார்.

தனக்கு வேண்டும் என்று சொன்ன கடைசிப் பட்டையை அப்பாவே எடுத்து மாமாவிடம் கொடுத்தார். “போ, சோப்புப் போட்டுக் கழுவிட்டு வா,” என்றார் அம்மாவிடம்.

அத்தை தண்ணீர் ஊற்றினாள். அம்மா முழங்கை வரைக்கும் கழுவினாள். ஒவ்வொரு விரலாகத் தேய்த்தாள். நகத்துக்குள் இருந்த நீலத்தைக்கூட விளக்குமாற்றுக் குச்சியால் எடுத்தாள். ஏன் இப்படித் தேய்க்கிறாள், இருக்கிற நம்பரையும் கழுவி விட்டுவிடுவாள் போலிருக்கிறதே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

திரும்பி வந்தவள் நிலையைத் தாண்டிக் கூடத்துக்குள் வந்தாள். பெரியப்பா இருக்கும்போதே பாயில் உட்கார்ந்தாள். பெரியப்பா எழுந்து போய் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவருடைய கட்சி ஓர் இடத்தில் முந்திக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

மாமா இந்தத் தரம் இடது கையைக் கேட்டார். துண்டால் துடைத்தார். விரலைத் தன் மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். சோப்பு வாசனைதான் என்றார். குத்தினார்.

நான் மிஷினைக் கையில் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். மாரியம்மா, ஒரு நம்பர்கூடக் குறையக் கூடாது. குறையாமல் இருந்தால் அடுத்த சித்திரைத் திருவிழாவுக்கு மாவிளக்கு எடுக்கிறேன். அப்பா என் தலைக்கு மேலே குனிந்து பார்ப்பது அவர் மூச்சில் தெரிந்தது. அம்மா மற்றக் கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

கண்ணைத் திறந்தேன்.

மாரியம்மா கைவிடவில்லை. குறையவே இல்லை. கூடியிருந்தது. தெருவுக்கே கேட்கட்டும் என்று எழுந்து நின்று கத்தி வாசித்தேன்.

நானூற்று எழுபத்தொன்று.